கரிமருந்தும் கொஞ்சம் ரவையும்

கில்ட்ஃபோர்டில் ரயில் ஏறினால் ஷால்ஃபோர்டுக்கு அடுத்த நிறுத்தம் சில்வர்த். இறங்குகிறவர்களில் பாதிப் பேர் செயின்ட் மார்த்தா குன்றில் ஏறப் போகிறவர்கள். நானும் என் மனைவியின் தம்பியும் குன்றுவரை போகவில்லை. கீழே டில்லிங்போர்ன் என்ற ஓடையின் கரையிலேயே நின்றுவிட்டோம். மரங்களுக்கு நடுவில் இடிந்த சுவர்கள், ஓடையிலிருந்து வெட்டிய வாய்க்கால்கள், வழியோரத்தில் பாசி படிந்து கிடக்கும் பெரிய பெரிய வட்டக் கற்கள். நாய்களோடு நடை போகிறவர்கள் அந்தக் கற்களின்மேல் உட்கார்ந்து செருப்பு மண்ணைத் தட்டிக்கொள்கிறார்கள்.

"மருந்து அரைச்ச கல்லு அத்தான் இது. துப்பாக்கியைப் பாக்கிறதுக்கு முந்தி இதைப் பாத்துரணும்" என்றார் மைத்துனர்.

மைத்துனர் ஊரில் இருந்தவரை திருவிழாவில் பலூன்கூடச் சுட்டவரில்லை. சர்ரே பக்கம் வேலைக்கு வந்து, வீடு வாங்கி, பிள்ளைகள் தலையெடுத்த பிறகு, முன்வாயில் மருந்து கெட்டிக்கும் ரிவால்வர் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் குறி சுடுகிறார். அதைப் பார்க்கத்தான் நான் ஆசைப்பட்டேன். அவரோ கதையை 1626-லிருந்து தொடங்கிவிட்டார்.

அந்த வருஷம்தான் கிழக்கிந்தியக் கம்பெனி சில்வர்த்தில் வெடிமருந்து ஆலையைத் தொடங்கியது. மதராசில் நிலம் வாங்குவதற்குப் பதிமூன்று வருஷம் முன்பே கம்பெனிக்கு இங்கே மருந்து அரைக்கும் கல் இருந்திருக்கிறது. கரிமருந்து என்ற அந்தப் பழைய வெடிமருந்தின் கூட்டு மிக எளியது: நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். கரிக்கு இங்கே மரத்துக்குப் பஞ்சமில்லை. கந்தகத்தை வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளலாம். வெடியுப்புதான் தலைவலி. அரசாங்கத்தின் உத்தரவோடு ஆட்கள் வந்து தொழுவத்தையும் புறாக்கூண்டையும் தோண்டி உப்பு மண் எடுத்துப் போவார்கள். ஜனங்கள் அவர்களை அடியோடு வெறுத்தார்கள். அந்தக் குறையைப் பிற்பாடு பீகார் தீர்த்தது. அங்கே நோனியா சாதிக்காரர்கள் பழைய மண்சுவர்களின் அடியிலும் கொட்டில்களிலும் பூக்கும் உப்பைச் சுரண்டி, கரைத்து, காய்ச்சி எடுத்ததை மூட்டை மூட்டையாகக் கப்பலில் ஏற்றினார்கள். இங்கிலாந்தின் போர்களுக்கெல்லாம் மருந்துக்கு முக்கால் பங்கு அப்படித்தான் வந்தது. பிளாசியைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் படித்தபோது அந்த வெற்றியோடு வெடியுப்பு வியாபாரமும் கம்பெனியின் கைக்குப் போயிற்று என்று யாரும் சொல்லித்தரவில்லை.

சில்வர்த் ஆலை பலர் கை மாறி 1920 வரை ஓடியது. 1901-ல் நடந்த வெடிவிபத்தில் ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஊர் ஊராகக் குதிரையில் போய் எழுதிய வில்லியம் கோபெட், இவ்வளவு அழகான பள்ளத்தாக்கில் வெடிமருந்தும் கரன்சி நோட்டுத் தாளும் செய்கிறார்களே என்று ஆத்திரப்பட்டிருக்கிறார். இப்போது இரண்டும் இல்லை. தண்ணீர்ச் சத்தம் இருக்கிறது. கொசுவும் இருக்கிறது.

மறுநாள் காலை வோக்கிங்கிலிருந்து காரில், குறி சுடும் முகாம் இருக்கும் பிஸ்லிக்குக் கிளம்பினோம். ரிவால்வர் பூட்டிய பெட்டிக்குள், பெட்டி காரின் பின்னறைக்குள், மேலே ஒரு போர்வை. வழியில் பெட்ரோல் போட நின்றபோது நான் கடைக்குப் போய்வர, அவர் காரைவிட்டு இறங்கவேயில்லை. "கார்டு மெஷின் இங்கயே இருக்கு, அது போதும். இதை விட்டுட்டு ஒரு நிமிஷம் நகரப்படாது" என்றார்.

பிரிட்டனில் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள முடியாது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஏறக்குறைய உண்மைதான். 1996 மார்ச் 13 அன்று ஸ்காட்லாந்தின் டன்பிளேன் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குள் ஒருவன் உரிமம் பெற்ற கைத்துப்பாக்கிகளோடு நுழைந்து 16 குழந்தைகளையும் அவர்களுடைய ஆசிரியையையும் சுட்டுக் கொன்றான். மறுவருஷம் இரண்டு சட்டங்கள் அடுத்தடுத்து வந்தன. முதல் சட்டம் பெரிய கைத்துப்பாக்கிகளைத் தடுத்தது, இரண்டாவது, .22 என்னும் சின்ன ரகத்தையும் சேர்த்துத் தடுத்தது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கைத்துப்பாக்கிகளை ஜனங்கள் போலீசிடம் ஒப்படைத்தார்கள். ஒலிம்பிக்கில் பிஸ்டல் சுடுகிறவர்கள்கூடப் பயிற்சிக்கு வெளிநாடு போக வேண்டியதாயிற்று.

ஆனால் சட்டத்தில் ஒரு சந்து விட்டிருந்தார்கள். குழலின் வாயிலோ மருந்தறையின் வாயிலோ, உதிரி மருந்தையும் தனிக் குண்டையும் போட்டுக் கெட்டிக்கும்படி செய்யப்பட்ட துப்பாக்கிக்கு இந்தத் தடை இல்லை. அறையின் வாய் என்றும் சேர்த்துக்கொண்டதால், ஆறு அறைகள் கொண்ட பழைய பாணி ரிவால்வர் தப்பித்தது. அது ஆறு முறை சுடும். ஆனால் ஆறையும் மறுபடி கெட்டிக்க, கை பழகியவர்களுக்கே சில நிமிஷம் ஆகும். வெறி பிடித்தவனுக்கு அந்தப் பொறுமை இருக்காது. என்னைக் கேட்டால், துப்பாக்கிச் சட்டங்களில் இவ்வளவு யோசித்து எழுதிய வரி குறைவு. அபாயம் எங்கே இருக்கிறதென்று பார்த்து அங்கே கை வைத்திருக்கிறார்கள். பொழுதுபோக்கு எங்கே இருக்கிறதோ அதை விட்டிருக்கிறார்கள்.

விட்டிருக்கிறார்கள் என்றால் சும்மா விடவில்லை. ரிவால்வர் வைத்துக்கொள்ள போலீஸ் சான்றிதழ் வேண்டும். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். எதற்கு வேண்டும் என்பதற்குத் தக்க காரணம் காட்ட வேண்டும். அதற்கு அரசு ஒப்புதல் பெற்ற சங்கத்தில் சேர்ந்து, பழகுநராகச் சில மாதம் கண்காணிப்பில் சுட்டு, ஆள் சரியானவர் என்று பிறர் வாயால் சொல்ல வைக்க வேண்டும். குடும்ப மருத்துவரிடமிருந்து கடிதம். அப்புறம் போலீசார் வீட்டுக்கே வந்து இரும்பு அலமாரி சுவரில் இறுக்கியிருக்கிறதா என்று அசைத்துப் பார்ப்பார்கள். அக்கம்பக்கத்தார் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தது தனிக்கதை.

மருந்துக்கு வேறு சான்றிதழ். துப்பாக்கிக்கு இரும்புப் பெட்டி, மருந்துக்கோ மரப்பெட்டி. கனமான ப்ளைவுட்டில் செய்து, உள்ளே தடுப்புகள் வைத்து, டப்பாக்களைத் தனித்தனியாக நிறுத்துகிறார்கள். ஏன் இரும்பு இல்லை என்று கேட்டேன். கரிமருந்து திறந்த வெளியில் புஸ்ஸென்று எரிந்துவிடும். இறுக்கமான இரும்புக்குள் எரிந்தால் அந்தப் பெட்டியே வெடிகுண்டு. வீடு தீப்பிடித்தால் பெட்டி பிளந்து வழிவிட வேண்டும் என்பதுதான் கணக்கு.

இன்னொரு விசித்திரம். 1850-களில் செய்த அசல் ரிவால்வரை அழகுப் பொருளாகச் சுவரில் மாட்டி வைக்கச் சான்றிதழே வேண்டாம். அதையே சுட வேண்டும் என்று ஆசைப்பட்ட நிமிஷம் சான்றிதழ் வேண்டும். பொருள் ஒன்றுதான், மனசுக்குத்தான் உரிமம்.

பிஸ்லிக்குப் பக்கத்து ரயில் நிலையம் புரூக்வுட். அங்கே பிரிட்டனிலேயே பெரிய கல்லறைத் தோட்டம் இருக்கிறது, 1854-ல் திறந்தது. லண்டன் வாட்டர்லூவிலிருந்து சவங்களுக்கென்றே தனி ரயில் விட்டு, 1941-ல் ஜெர்மன் குண்டு அந்த நிலையத்தின்மேல் விழும்வரை ஓட்டியிருக்கிறார்கள். பார்சிகளுக்கான பகுதியில் ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் சமாதி. அதைப் பார்த்துவிட்டுத்தான் போனோம். அன்றைக்கு அங்கே நாங்கள் மட்டும்தான்.

பிஸ்லி முகாமுக்குள் கார் நுழைந்ததும் காலம் கொஞ்சம் பின்னால் போய்விடுகிறது. மர வராந்தா வைத்த சங்கக் கட்டடங்கள், கொடிக்கம்பங்கள், வெட்டிய புல், பெஞ்சில் தேநீரோடு உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள். தேசிய ரைஃபிள் சங்கம் முதலில் விம்பிள்டனில்தான் போட்டி நடத்தியது. 1860-ல் விக்டோரியா ராணியே முதல் குண்டைச் சுட்டுத் தொடங்கிவைத்தார். விட்வர்த் ரைஃபிளை ஒரு தாங்கியில் இறுக்கி 400 கெஜத்துக்குக் குறியும் வைத்துக் கொடுத்துவிட்டார்கள். ராணி கயிற்றை இழுத்ததோடு சரி. விம்பிள்டனில் வீடுகள் பெருகவே 1890-ல் இங்கே இடம் மாறினார்கள். புரூக்வுட்டிலிருந்து முகாமுக்கு அந்த வருஷம் போட்ட கிளை ரயில் 1952-ல் நின்றுபோனது.

அன்றைக்கு மைத்துனரின் சங்கத்துக்கு விருந்தினர் நாள். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, காதுமூடியும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு சுடுதளத்துக்குப் போனோம். சிவப்புக் கொடி ஏறியிருந்தது. வரிசையாக மேஜைகள், 25 மீட்டரில் இலக்குத் தாள்கள். ஆளுக்கொரு மரப்பெட்டி, அதைத் திறந்தால் கைவேலைக்காரர்களின் பட்டறை மாதிரி தட்டுமுட்டுச் சாமான்கள்.

மைத்துனரிடம் இருப்பது 1858-ஆம் வருஷத்துக் காப்புரிமையைத் தாங்கிய ரெமிங்டன் மாதிரியின் மறுபதிப்பு. இத்தாலியில் பிரெஷா அருகே வால் டிராம்பியா பள்ளத்தாக்கில் செய்தது. பெரெட்டா 1526-லிருந்து குழல் செய்துவரும் பள்ளத்தாக்கு அது. உலகத்தில் இன்றைக்குச் சுடப்படும் பழைய பாணி ரிவால்வர்களில் பெரும்பகுதி அந்த வட்டாரத்தில் உபெர்ட்டி, பியெட்டா போன்ற பட்டறைகளில் பிறந்தவைதான். பக்கத்து மேஜையில் ஒரு பெரியவர் அசல் கோல்ட் வைத்திருந்தார், 1851 நேவி ரகம். அந்த வருஷம் ஹைட் பார்க்கில் நடந்த பெரும் பொருட்காட்சியில் சாமுவேல் கோல்ட் தன் ரிவால்வர்களைக் கடை பரப்பினார்; 1853-ல் லண்டனில் வாக்ஸால் பாலத்துக்கு அருகே தேம்ஸ் கரையில் தொழிற்சாலையே திறந்துவிட்டார். உதிரிபாகங்களை இயந்திரத்திலேயே கடைந்து, எதை எதோடும் பொருத்தலாம் என்ற அமெரிக்க முறையைக் கண்டு லண்டன் கைவினைஞர்கள் அசந்துபோனார்கள். ஆனால் மூன்று நாலு வருஷத்தில் தொழிற்சாலை மூடிவிட்டது. அதே பொருட்காட்சியில் உள்ளூர்க்காரர் ராபர்ட் ஆடம்ஸ் காட்டிய ரிவால்வர்தான் பிற்பாடு பிரிட்டிஷ் ராணுவத்தில் கோல்ட்டை ஓரங்கட்டியது.

பார்க்க கோல்ட் அழகு. வளைந்த பிடியும் எட்டுப்பட்டைக் குழலுமாகக் கையில் எடுத்தால் கீழே வைக்க மனசு வராது. ஆனால் குறி சுட ரெமிங்டன்தான் என்பது என் மைத்துனரின் கட்சி. பார்த்த வரையில் நானும் அதே கட்சி. கோல்ட்டில், அறைகள் கொண்ட உருளைக்கு மேலே சட்டம் கிடையாது. குழலும் உடலும் ஓர் ஆப்பால் சேர்ந்திருக்கின்றன. பின்குறி, குதிரை என்னும் சுத்தியலின் மூக்கில் கீறிய ஒரு வெட்டு. குதிரையை இழுத்தால்தான் குறியே தெரியும். அதுவும் தூரக் கணக்கில் வைத்ததால் 25 மீட்டரில் சுட்டால் குண்டு உயரே போகும். ரெமிங்டனில் உருளையை மேலும் கீழும் சட்டம் அணைத்திருக்கிறது, பின்குறி அந்தச் சட்டத்திலேயே நிலையாக இருக்கிறது.

இனி கெட்டிக்கும் வேலை. இதைத்தான் நான் மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் ஆறு அறைகளின் பின்னாலும் நிப்பிள் என்று நீட்டிக்கொண்டிருக்கும் துளையுள்ள முனைகளில், அடித்தால் வெடிக்கும் கேப் மட்டும் மாட்டி, மருந்தில்லாமல் படபடவென்று சுட்டார், குழலைத் தரையிலிருக்கும் புல்லை நோக்கித் தாழ்த்தி. புல் ஆடினால் துளை திறந்திருக்கிறது. ஆடாவிட்டால் உள்ளே எண்ணெய் அடைத்திருக்கிறது. இந்தக் கேப் ஒரு பாதிரியாரின் மூளையில் உதித்த யோசனையின் பேரப்பிள்ளை. ஸ்காட்லாந்தில் பெல்ஹெல்வி ஊரின் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சித்துக்கு வாத்து வேட்டை உயிர். சக்கிமுக்கித் துப்பாக்கியில் முதலில் மேலே தீப்பொறி பளிச்சிடும், அப்புறம்தான் குண்டு கிளம்பும். அந்த இடைவெளியில் பறவை தப்பிவிடும். அதைப் பொறுக்காமல், அடித்தால் வெடிக்கும் ரசாயனத்தை வைத்து 1807-ல் காப்புரிமை வாங்கினார். அதைச் சின்னச் செம்புத் தொப்பிக்குள் அடைத்த வேலை பிறகு வந்தவர்களுடையது.

அடுத்து குதிரையைப் பாதிவரை இழுத்து உருளையைச் சுதந்திரமாகச் சுழல விட்டார். வீட்டிலேயே எடை போட்டுச் சின்னச் சின்னக் குப்பிகளில் அடைத்து வந்த மருந்தை அறைக்கு ஒரு குப்பியாகக் கொட்டினார். மருந்துக் குடுவையிலிருந்து நேராக ஊற்றுவதில்லை. அறைக்குள் கங்கு ஏதாவது மிச்சமிருந்தால் கையிலிருக்கும் குடுவை முழுவதும் போய்விடும். ஒரு அறைக்கு மருந்து ஒரு கிராமுக்குச் சற்று மேலே. போர்க்களத்தில் இதைவிட அதிகம் போட்டார்கள். இலக்குத் தாளைத் துளைக்க அவ்வளவு வேகம் வேண்டாம். மருந்து குறைந்தால் உதை குறையும், குண்டுகளும் நெருங்கி விழும்.

அப்புறம் பெட்டியிலிருந்து இன்னொரு குப்பியை எடுத்தார். உள்ளே ரவை. உப்புமா ரவையேதான்.

நான் சிரித்துவிட்டேன். "சிரிக்காதீங்க அத்தான். இந்த வரிசையில முக்காவாசிப் பேர் பெட்டியில இருக்கும்" என்றார். இருந்தது. காரணம் இதுதான். மருந்து குறைவாகப் போட்டால் அறையில் காலியிடம் மிஞ்சும். குண்டுக்கும் மருந்துக்கும் நடுவில் காற்று இருப்பது ஆபத்து. குண்டை அடிவரை அழுத்தினாலோ அது கிளம்பிக் குழலைப் பிடிக்கும்வரை வெறும் இடத்தில் தாவ வேண்டியிருக்கும், குறி சிதறும். ரவை அந்த இடத்தை நிரப்பி, குண்டை அறையின் வாய்க்குப் பக்கத்தில் தூக்கி நிறுத்துகிறது. வறுக்காத ரவைதான் போடுகிறார்கள். வறுத்தால் என்ன ஆகும் என்று கேட்டதற்கு மைத்துனர் பதில் சொல்லவில்லை.

அதன்மேல் குண்டு. கலப்பில்லாத மெல்லிய ஈயம், உருண்டை, குறுக்களவு பதினொன்றரை மில்லிமீட்டர். ஈயம் 327 டிகிரியில் உருகும்; அச்சில் ஊற்றி வீட்டுக் கொட்டகையிலேயே செய்துகொள்கிறார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான். ஈயப்புகை உடம்புக்குள் போனால் எளிதில் வெளியே வராது. குண்டு அறையைவிட ஒரு மயிரிழை பெரிது. குழலுக்கு அடியில் மடிந்திருக்கும் நெம்புகோலை இறக்கி அழுத்தும்போது அறையின் விளிம்பு அந்த மயிரிழையைச் சீவித் தள்ளுகிறது. மெல்லிய ஈய வளையம் முழுசாகக் கழன்று மேஜையில் விழ வேண்டும். விழுந்தால் குண்டு அறையை இறுக்கிப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். வளையம் விழாவிட்டால் ஒரு அறையின் தீ பக்கத்து அறைக்குப் பரவி, இரண்டு மூன்று அறைகள் ஒரே சமயத்தில் வெடிக்கக்கூடும். முன்பக்கத்திலிருந்துதான் தீ பரவுகிறது என்று சிலரும், சரியாக உட்காராத கேப் வழியாகப் பின்பக்கத்திலிருந்து என்று சிலரும் இன்றுவரை சண்டை போடுகிறார்கள். புத்திசாலிகள் இரண்டு பக்கமும் அடைக்கிறார்கள்.

குண்டுக்கு மேலே மசகு. அது தீயைத் தடுக்கும் என்பது ஒருபுறம். அதைவிட முக்கியமாக, சுட்ட பிறகு குழலில் படியும் கரியை இளக்கமாக வைத்திருக்கும். கோல்ட் வைத்திருந்த பெரியவர் தேன்மெழுகோடு ஆட்டுக்கொழுப்பைக் காய்ச்சிக் கலந்து வைத்திருந்தார். மைத்துனர் சைவம், அவருடையது தேன்மெழுகும் ஆலிவ் எண்ணெயும். 1857-ல் என்ஃபீல்டு துப்பாக்கியின் காகிதத் தோட்டாவில் தடவியது பசுக்கொழுப்பா, பன்றிக்கொழுப்பா என்று கிளம்பிய பேச்சுக்குப் பின்னால் என்ன நடந்ததென்று நமக்குத் தெரியும். அந்தத் துப்பாக்கியும் வாய்வழி கெட்டிப்பதுதான். நான் இதைச் சொன்னதும் பெரியவர் தலையாட்டி, தன் டப்பாவை ஒருமுறை முகர்ந்து பார்த்து மூடிவைத்தார்.

கேப் மாட்டுவது கடைசியில். துப்பாக்கியின் வாய் இலக்கைத் தவிர வேறெங்கும் திரும்பாத நிலையில், சுடும் கோட்டில் நின்றுதான் மாட்ட வேண்டும். கேப் வெடித்தும் குண்டு கிளம்பாவிட்டால் உடனே எட்டிப் பார்க்கக் கூடாது. மருந்து உள்ளே கனன்றுகொண்டிருக்கலாம். வாயை இலக்கை நோக்கியே வைத்துக்கொண்டு அரை நிமிஷம் காத்திருக்க வேண்டும்.

ஒற்றைக் கையால், கையை நீட்டிச் சுடுகிறார்கள். சத்தம் சினிமாவில் கேட்பது போல 'டுமீல்' இல்லை, கனமான 'பொத்'. உதை கையைச் சுண்டுவதில்லை, தள்ளுகிறது. உடனே வெள்ளைப் புகை. காற்றில்லாத நாளாதலால் புகை நகராமல் முன்னாலேயே நின்றது. வரிசை முழுவதும் சுட்டபோது இலக்கு எங்கே என்றே தெரியவில்லை. எல்லோரும் துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தார்கள். கந்தகமும் கரியும் சேர்ந்த அந்த வாசனை தீபாவளி காலையை மூக்கில் கொண்டுவந்து நிறுத்தியது. நானும் அவருடைய கண்காணிப்பில் ஒரு உருளை சுட்டேன். என் குண்டுகள் எல்லாம் தாளில் பட்டன என்பதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

சர்வதேசப் போட்டியில் இந்த ரிவால்வருக்கு 30 நிமிஷத்தில் 13 குண்டு. அவற்றில் சிறந்த 10-க்குத்தான் மதிப்பெண். ஆறு அறை உருளைக்கு 13 என்றால் மூன்று முறை கெட்டிக்க வேண்டும். அரை மணியில் பெரும்பகுதி சுடுவதில் போவதில்லை; மருந்து, ரவை, குண்டு, மசகு, கேப் என்று கைவேலையில்தான் போகிறது. அந்த வேலையில் அவசரப்படுகிறவன் தாளில் தோற்கிறான்.

அந்தப் போட்டிகளில் மேல்நிலையில் சுடுகிறவர்கள் விரும்பும் துப்பாக்கியின் கதை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. ராஜர்ஸ் அண்டு ஸ்பென்சர் என்பது நியூயார்க் மாநிலத்தின் ஒரு சிறு நிறுவனம். அமெரிக்க உள்நாட்டுப் போரின் கடைசிக் கட்டத்தில் 5,000 ரிவால்வர் செய்துதர ஒப்பந்தம் வாங்கியது. எல்லாம் செய்து ஒப்படைத்தபோது போர் முடிந்துவிட்டது. ஒரு குண்டுகூடச் சுடாமல் கிடங்கில் கிடந்த அவற்றை 1901-ல் பழைய ராணுவச் சாமான் வியாபாரி பேனர்மன் வாரிக்கொண்டு போனார். அந்த ரிவால்வரின் கெட்டியான சட்டத்தையும் கைக்கு அமைந்த பிடியையும் நூறு வருஷம் கழித்துக் குறி சுடுகிறவர்கள் கண்டுகொண்டார்கள். ஜெர்மனியின் ஃபைன்வெர்க்பாவ் நிறுவனம் அதையே நுணுக்கமாகச் செய்து விற்றிருக்கிறது. யாரையும் கொல்ல வாய்க்காத துப்பாக்கி பதக்கம் வாங்கித் தருகிறது.

மூன்றாவது உருளைக்குப் பிறகு மைத்துனரின் ரெமிங்டன் முரண்டு பிடிக்க ஆரம்பித்தது. கரிமருந்து முழுவதும் புகையாகிவிடுவதில்லை. பாதிக்குமேல் திடமான கசடாகவே மிஞ்சுகிறது. அது உருளையின் நடு அச்சில் படிந்து சுழற்சியை இறுக்கும். கோல்ட்டின் தடித்த அச்சில் மசகு தங்கப் பள்ளங்கள் உண்டு. ரெமிங்டனின் அச்சு மெல்லியது, வழவழப்பானது, அதனால் சீக்கிரம் சிக்கும். ஈரத்துணியால் உருளையின் முகத்தைத் துடைத்து, அச்சில் கொஞ்சம் மசகு தடவி, மறுபடி ஓடவைத்தார். கோல்ட் பெரியவருக்கு வேறு உபத்திரவம்: வெடித்த கேப்பின் துணுக்கு குதிரையின் பிளவுக்குள் விழுந்து அடைத்துக்கொண்டது. அழகுக்கும் ரெமிங்டனுக்கும் இடையே நடக்கும் வாதத்தில் அன்றைக்கு வெற்றி தோல்வி இல்லை.

வீட்டுக்கு வந்ததும் காபிகூடக் குடிக்காமல் அவர் செய்த முதல் காரியம் துப்பாக்கியைக் கழுவியது. ஆமாம், கழுவியது. கொதிக்கும் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் சோப்பும். கரிமருந்தின் கசடு உப்பு; காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி ஒரே ராத்திரியில் இரும்பைத் துருவேற்றிவிடும். எண்ணெய்க்கு அது மசியாது, தண்ணீருக்குக் கரையும். நெம்புகோலை இறக்கி அச்சை உருவினால் உருளை பக்கவாட்டில் உருண்டு கையில் விழுகிறது. நிப்பிள்களைச் சின்னத் திருகியால் கழற்றித் தனியாகப் போட்டார். குழலுக்குள் பித்தளைத் தூரிகை. முட்டை அழுகிய நாற்றம் வீடெங்கும் பரவியது.

இதெல்லாம் சமையலறைத் தொட்டியில் நடப்பதில்லை. அவர் மனைவி முதல் நாளே தடை உத்தரவு போட்டுவிட்டார். தோட்டத்தில் ஒரு பழைய வாளி, அதற்கென்றே ஒரு கெட்டில். "அந்தக் கையோட அடுப்படிப் பக்கம் வந்தா தெரியும் சேதி" என்று எச்சரிக்கை வேறு. கசடில் ஈயமும் இருப்பதால் நியாயம் அந்த அம்மாள் பக்கம்தான்.

கொதிநீரில் சூடேறிய இரும்பு தானாகவே உலர்ந்துவிடும். உடனே மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. நிப்பிளின் மரைகளில் கொஞ்சம் கிரீஸ், இல்லாவிட்டால் அடுத்த தடவை கழலாது. நிப்பிளின் துளை சுடச் சுட அரித்துப் பெரிதாகும். பெரிதானால் தீ பின்னோக்கி அடித்துக் குதிரையையே தூக்கும். அதனால் அவ்வப்போது மாற்ற வேண்டும். கேப் இல்லாத நிப்பிளின்மேல் குதிரையை விளையாட்டாகத் தட்டிப் பார்க்கக் கூடாது, நிப்பிள் நசுங்கிவிடும். உருளையைச் சுழற்றும் விரலின் சின்ன வில் இந்த மறுபதிப்புகளில் அடிக்கடி ஒடியும் உறுப்பு. அதில் இரண்டு உபரி எப்போதும் அவர் பெட்டியில் இருக்கிறது.

நம் ஊரிலும் வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கி அந்நியமில்லை. நரிக்குறவர்கள் தோளில் பார்த்திருக்கிறோம். மலைக்கிராமங்களில் பன்றி விரட்ட உரிமத்தோடும் உரிமமில்லாமலும் இருக்கிறது. ஒப்படைத்துவிடுங்கள் என்று போலீசார் அவ்வப்போது அறிவிப்பதும் நடக்கிறது. ஆனால் அது பிழைப்புக்கான கருவி. இங்கே பார்த்தது வேறு: ஒரு தாளில் பத்து ஓட்டைகளை நெருக்கமாகப் போடுவதற்காக ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுக்கிறவர்கள்.

லண்டன் போகிறவர்கள் இதைப் பார்க்க விரும்பினால் அக்டோபரில் போங்கள். பழைய துப்பாக்கிகளுக்கென்றே பிஸ்லியில் ட்ரஃபால்கர் மீட்டிங் அந்த மாதம்தான் நடக்கிறது. தேதியை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். வாட்டர்லூவிலிருந்து புரூக்வுட்டுக்கு நேர் ரயில் இருக்கிறது, அங்கிருந்து டாக்சி. காதுமூடியை வீட்டிலிருந்தே எடுத்துப் போவது நல்லது. வெள்ளைச் சட்டை மட்டும் போட்டுக்கொண்டு போகாதீர்கள்.